காலி அடுக்கு

ஹைதராபாத் நாச்சாரத்தில் வாகீஸ்வரி பிளாஸ்டிக்ஸ் என்ற கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருந்த வேப்பமர ஸ்டூலை வருடத்தில் நான்கைந்து முறை கவாத்து செய்ய வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்குக் கத்தரி பிடிக்கும் வாட்ச்மேன் சாய்குமார்தான் மாடிக்கு வந்து இதையும் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் திரையை மறைக்கும் கிளையை வெட்டுவார், சுவிட்ச் போர்டுப் பக்கம் நீண்டதைக் கயிறு கட்டி இழுத்துவிடுவார், வெட்டிய குச்சிகளைப் பல் துலக்க எடுத்துப் போவார். ஸ்டூல் எப்படித் துளிர்க்கும் என்று புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு வாரம் கேட்பார்கள். பிறகு அவர்களும் முதுகில் கிளை குத்தாமல் உட்காரப் பழகிவிடுவார்கள்.

ஷெட்டை நீட்டியபோது குறுக்கே நின்ற வேம்பை வெட்டி, அதில் கம்பெனி முழுவதற்கும் ஸ்டூல் செய்து போட்டிருந்தார் முதலாளி சீதாராமன். மற்ற ஸ்டூல்கள் ஸ்டூல்களாகவே இருந்தன. ஜெஸ்ஸியின் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது மட்டும்தான் இப்படி. அதுவும் சும்மா துளிர்க்காது. அதில் உட்கார்ந்தவருக்கு நல்ல யோசனை ஒன்று வர வேண்டும். வந்த கணத்தில் காலுக்கடியில் பட்டென்று ஒரு சத்தம் கேட்கும், கெண்டைக்காலில் ஈரமாக ஏதோ படும், குனிந்து பார்த்தால் செக்கச்செவேல் என்று கொழுந்து. பேக்கிங் பிரிவின் லலிதா, மூடி ஒழுகுகிறது என்று சண்டை போடத்தான் ஒருநாள் மாடியேறி வந்தாள். சண்டையின் நடுவிலேயே மூடிக்கு உள்ளே இன்னொரு உதடு இருந்தால் ரசம் வெளியே வராது என்று தோன்றிவிட்டது. ஸ்டூல் துளிர்த்தது. அந்த மூடிதான் கம்பெனியைக் கடனிலிருந்து கரையேற்றியது. ஒரே கையால் திறக்கிற தண்ணீர் பாட்டில், சோப்புக் கையிலும் வழுக்காத பாத்ரூம் மக்கு எல்லாம் அதே ஸ்டூலில் வந்தவைதான்.

ஜெஸ்ஸி படம் வரைகிறவள். அடுத்தவர் யோசித்த டப்பாவையும் பக்கெட்டையும் அளவு போட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்து, பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு செய்யும் பிரிவுக்குக் கீழே அனுப்புவது அவள் வேலை. அளவு வேண்டுமே, அதனால் வந்தவர் பேச்சைக் கடைசிவரை கேட்பாள். அவர் நிறுத்திய இடத்தில் அவர் முகத்தையே பார்த்து, தமிழர் என்றால் ‘அப்புறம்?’, தெலுங்கர் என்றால் ‘தர்வாத்த?’, இந்திக்காரர் என்றால் ‘ஃபிர்?’ என்பாள். அவ்வளவுதான். புத்திசாலித்தனமாக எதுவும் சொல்லிவிட மாட்டாள். ஆனால் அந்த ‘அப்புறம்?’ வந்து விழுந்ததும், சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று இருந்தவருக்கு ஏதோ ஒன்று மிச்சம் இருப்பது தெரியும். வரைபடத்தின் மூலையில் இரண்டு கட்டங்கள் உண்டு. யோசித்தவர் என்ற கட்டத்தில் ஊரில் உள்ள பெயரெல்லாம் மாறி மாறி வந்தது. வரைந்தவர் என்ற கட்டத்தில் ஜெஸ்ஸி, ஜெஸ்ஸி, ஜெஸ்ஸி. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்களே, அதுதான் அவள் கதை.

அவளுக்கும் ஆசை இருந்தது. சின்ன ஆசை இல்லை. அப்பா தேவராஜ் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு உள்வேலை செய்தவர். மெட்டுகுடாவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போதெல்லாம் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, மேல் பெர்த் சங்கிலி நான் மாட்டினது பாப்பா என்பார். எந்த வண்டி போனாலும் சொல்வார். எல்லா வண்டியின் சங்கிலியையும் அவர் ஒருவரே மாட்டியிருக்க முடியாது என்பது ஜெஸ்ஸிக்குத் தெரியும். இருந்தாலும் அந்த முகம் அவளுக்கு வேண்டியிருந்தது. உலகத்தில் கிடக்கிற கோடிப் பொருள்களில் ஒன்றைப் பார்த்து, இது என் தலையிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அது போதும். கல்யாணம் தள்ளிப்போய் நின்றே போனபோதுகூட அவள் இவ்வளவு ஏங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றவர்கள் பிள்ளைக்கும் விசாவுக்கும் முழங்கால் போட்டபோது, ஆண்டவரே, ஒரு பக்கெட்டாவது என்று வேண்டிக்கொண்டவள் அவள்.

வேண்டிக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தன் சுழல் நாற்காலியை விட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். தனக்குத்தானே அப்புறம் என்று சொல்லிக்கொண்டாள். ஸ்டூல் துளிர்க்கவில்லை. இருந்த இலைகளில் இரண்டு மூன்று உதிர்ந்தன. அவள் அவற்றைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினாள். இப்படிப் பல வருஷம் நடந்தது. அதற்குள் அவளுக்கு நரை விழுந்து, கண்ணாடி வந்து, அப்பாவுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

கொரோனா ஓய்ந்து கம்பெனி மறுபடி முழுதாக ஓட ஆரம்பித்த வருஷம், ஹைடெக் சிட்டி பக்கத்திலிருந்து அபிநவ் என்ற இளைஞனை ஆலோசகராக அழைத்து வந்தார் சீதாராமன். கெட்டவன் இல்லை. ஆர்வமானவன், எல்லோருடைய பெயரையும் முதல் நாளே மனப்பாடம் செய்தவன். ஸ்டூலைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மூலையில், ஒரு முறையும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும்படி விட்டுவைத்திருக்கிறீர்களே என்றான். கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை கட்டினார்கள். மஞ்சள் பெயின்ட், ஏசி, தரையில் புதைந்து உட்காரும் பீன் பேக், நடுவில் ஸ்டூல். முதலில் ஸ்டூலை மட்டும்தான் கொண்டுபோனார்கள். அது வாடியது. பிறகுதான் ஜெஸ்ஸியையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் செல்போனில் நேரம் ஒதுக்கப்பட்டது. மாதம் ஒரு யோசனை கட்டாயம். கொழுந்தை எண்ணுவதற்கு மேலே கேமரா. அப்புறம் என்று மட்டும் கேட்டால் போதாது என்று ஜெஸ்ஸி கேட்க வேண்டிய கேள்விகளை அபிநவே எழுதிக் கொடுத்தான். அவள் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பத்தி வாசிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கே.

ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டூல் துளிர்த்தது. அடர்த்தியாக, பளபளவென்று, கடையில் விற்கும் அலங்காரச் செடி போலத் துளிர்த்தது. அபிநவ் கைதட்டினான். சீதாராமன் லட்டு வாங்கிக் கொடுத்தார். சாய்குமார் மட்டும் ஒரு காலையில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெஸ்ஸியிடம் தெலுங்கில் சொன்னார், “மேடம், குச்சியில கசப்பே இல்ல. இனிக்குது. பல்லு கூசுது.” வேப்பங்குச்சி இனிப்பதைப் பற்றிக் கவலைப்பட அந்தச் சமயத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தானாகப் பழுக்காததைத் தடியால் அடித்துப் பழுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் மின்னும் பக்கெட் வந்தது. ஐந்து பிடி வைத்த கூடை வந்தது. மூடியைத் திருகினால் மூன்று மொழியில் குட் மார்னிங் சொல்லும் பாட்டில் வந்தது. எல்லாமே கடைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன. கோடவுனில் அட்டைப்பெட்டிகளுக்குள் அந்தப் பாட்டில்கள் மூடி நெகிழ்ந்து, கேட்க ஆளில்லாமல் பேட்டரி தீரும்வரை குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்ததை லலிதா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்டூல் பட்டுப்போனது. அபிநவ் எல்லோரிடமும் கைகுலுக்கி விடைபெற்றுப் புனேக்குப் போனான். கண்ணாடி அறையில் விற்காத சரக்கை அடுக்கினார்கள். ஸ்டூலைப் பின்கட்டில் தூக்கிப் போட, வெந்நீருக்கு ஆகும் என்று சாய்குமார் அதைப் பிளந்து விறகாக அடுக்கிவைத்தார். ஜெஸ்ஸி பழைய மூலைக்கே வந்தாள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் யாரும் வந்து உட்காரவில்லை. அவள் பக்கத்தில் போனால் மார்க் போடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் எலும்பில் ஏறிவிட்டது. வரைய வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அவள் வரைந்தாள், மாடியில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. தனக்கென்று ஒன்று வரவில்லையே என்று இத்தனை வருஷம் ஏங்கியவளுக்கு, அடுத்தவருக்கு வருவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே எத்தனை பெரிய சுகமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கால்களுக்கடியில் கேட்கும் அந்தப் பட்டென்ற சத்தத்துக்காக அவள் வேலைக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கீழே அச்சுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பூபாலன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மனைவி இறந்தபின் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். ஜெஸ்ஸி வரைந்து அனுப்பும் எந்தப் படத்துக்கும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘நக்கோ’, வேண்டாம். இது முடியாது, அச்சு ஒட்டிக்கொள்ளும், விளிம்பு உடையும், நக்கோ. அதற்குமேல் படத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, வாதாடித் தோற்று, செய்தும் கொடுப்பார். ஆயுள் முழுக்க மெஷின் முன்னால் நின்றே வேலை பார்த்ததால் நாற்காலி என்றாலே அவருக்கு ஆகாது. அபிநவ் நேரம் ஒதுக்கியபோதும் போகாமல், வேப்ப ஸ்டூலில் ஒருமுறைகூட உட்காராத ஒரே ஆள் கம்பெனியில் அவர்தான்.

ஒரு கோடைகாலத்து மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு, அவர் படம் எதுவும் இல்லாமல் மாடிக்கு வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் பகாரா பைங்கன். எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு. மகனோடு இருக்க ஓசூர் போகப்போகிறேன், இந்த மாதத்தோடு சரி, தேவராஜ் அண்ணனுக்கு என் கையால் கடைசியாக ஒருதரம் கொடுத்துவிடு என்றார். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது ஜெஸ்ஸிக்கு. ஆனால் வாயில் வந்தது வேறு.

“எதுல வாங்குறது அண்ணா?”

“ஏன், உன் டிபன் டப்பா என்னாச்சு?”

“நான் சாப்ட்ட எச்சில் டப்பா. கழுவ தண்ணி ஏது? டேங்கர் ரெண்டு நாளா வரல. எச்சில்ல அப்பாவுக்கு எப்படிக் கொண்டு போவேன்?”

கவரில் ஊற்றிக்கொண்டு போ என்றார் அவர். போன வாரம் லலிதா கொடுத்த கோங்குரா ஊறுகாயைக் கவரில் வாங்கி, பஸ்ஸில் ஒரு பெண்ணின் பட்டுப்புடவையில் எண்ணெய் இறங்கி, வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை ஜெஸ்ஸி சொன்னாள். பூபாலன் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. ஒரு பொருள் எதிலாவது பொருந்தாமல் நின்றால் அவருக்கு அதை விட்டுவிட்டுப் போக வராது. அப்போ என்னதான் பண்றது என்று கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று நின்றார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படி ஒருவர் நின்றது அவளுக்குப் புதிது.

“காலையில வீட்ல இருந்தே ஒரு அடுக்கு காலியா வரணும்ண்ணா. யாரும் தொடாம. சாயங்காலம் யாராச்சும் ஏதாச்சும் குடுத்தா அதுல வாங்கிக்கிறது.”

“காலி டப்பாவைத் தூக்கிட்டு வர்றதுக்கு எவன் துட்டு குடுப்பான்? நக்கோ.”

“எல்லாரும் குடுப்பாங்க. எந்த ஆபீஸ்ல ஒருத்தர் ஒருத்தருக்கு குடுக்காம இருக்காங்க? வீட்ல புள்ளைங்க இருக்கும்ல?”

“சரி, மேல ஒரு அடுக்கு ஏத்துனா உயரம் ஏறும். பையில நிக்காது, கவுந்துடும். நக்கோ.”

அந்த நக்கோ ஒரு சுவர் மாதிரி ஜெஸ்ஸியின் எதிரில் நின்றது. வேறு யாராவது பரவாயில்லை, நல்ல யோசனைதான் என்று முதுகில் தட்டியிருந்தால் அத்தோடு நின்றுபோயிருப்பாள். அவள் கை தானாக மேசைமேல் இருந்த டிபன் டப்பாவின் மூடியை எடுத்துக் கவிழ்த்தது, திருப்பியது, மறுபடி கவிழ்த்தது.

“கவுத்து வெக்கலாம்ண்ணா. மேல் அடுக்கு மேல தொப்பி மாதிரி. உள்ள அது, வெளிய இது. உயரமே ஏறாது. சாயங்காலம் தொப்பியைக் கழட்டித் திருப்பினா அது டப்பா.”

பூபாலன் கிண்ணத்தை மேசையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மூடியை வாங்கி, அவளைப் போலவே கவிழ்த்தார், திருப்பினார். அச்சு ஒட்டுமா என்று பார்த்தார், விளிம்பு உடையுமா என்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, அவரோடு வேலை பார்த்த எவரும் முதல் சொல்லாக அவர் வாயிலிருந்து கேட்டிராததைச் சொன்னார். “ஹவ்,” என்றார். ஆமாம் என்று அர்த்தம். ஜெஸ்ஸி தன் காலுக்கடியில் குனிந்து பார்த்தாள். சுழல் நாற்காலியின் சக்கரங்கள்தான் இருந்தன. அப்போது சாய்குமார் மூச்சிரைக்க மாடியேறி வந்து, பின்கட்டில் அடுக்கிய விறகெல்லாம் துளிர்த்துவிட்டது, துண்டு துண்டாக எல்லாம், இனி அதை எரிக்க முடியாது, வெந்நீருக்கு நான் என்ன செய்வது என்று கோபமாகக் கேட்டார். அவர் கையில் ஒரு கொழுந்து இருந்தது. ஜெஸ்ஸி அதை வாங்கி மென்றாள். தொண்டைவரை கசந்தது. அவள் அழுதுகொண்டே முழுவதையும் மென்று விழுங்கினாள். பூபாலன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

யோசித்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடிப்பதற்கு அவளுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. அச்சை பூபாலன் போவதற்கு முன் தன் கையாலேயே செய்து முடித்தார். தொப்பி அடுக்கு என்று கம்பெனியில் பெயர் வைத்தார்கள். ஓகோ என்று விற்கவில்லை, மோசமும் இல்லை. வாங்கியவர்கள் பாதிப்பேர் காலி அடுக்கிலும் சோற்றை அடைத்து, மூடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார்கள். லலிதா தயங்கித் தயங்கி ஒருநாள் மாடிக்கு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள், அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது தோன்றும்போது பின்கட்டில் கிளை அசைந்தது. விறகு இப்போது தோப்பு மாதிரி ஆகிவிட்டதால் ஸ்கூட்டர்களை அதன் நிழலில் நிறுத்தினார்கள். வெந்நீருக்கு சாய்குமாருக்கு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஜெஸ்ஸிக்கு மட்டும் அதற்குப் பிறகு எதுவும் தோன்றவில்லை. நக்கோ என்று அவளே சொல்லிப் பார்த்தாள், ஓசூரிலிருந்து அவரும் போனில் இரண்டொரு தரம் சொன்னார். எதிரில் நின்று சொல்வது போல் ஆகவில்லை. அவருடைய யோசனைகள் அல்ல, அவருடைய மறுப்புதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து பஸ் ஏறினாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு அந்த வழியில் நிற்கவே இடம் இருக்காது, அன்றைக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள், ஏதோ தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறவர்கள். தார்நாகாவில் இறங்கப் போன ஒருத்தி, மறந்தேவிட்டேன் என்று பையிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்து, பாப்பாவுக்கு என்று நீட்டினாள். மற்றவள் மடியிலிருந்த டிபனின் தொப்பியைக் கழற்றினாள், திருப்பினாள், பிடித்தாள். அதில் நாலு ஜிலேபி விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. உலகம் உண்டானதிலிருந்து டிபன் டப்பா என்றால் இப்படித்தான் இருந்தது என்பது போல, ஜன்னல் வழியே தோழிக்குக் கையசைத்துக்கொண்டே மூடியை அழுத்தினாள்.

ஜெஸ்ஸிக்கு எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பூபாலனிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. இது என் தலையிலிருந்து வந்தது என்று அந்த மடியிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டுகுடா வந்தது, போனது. அவள் கையிலிருந்த குடையின் மரப்பிடியில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கொழுந்து ஒன்று நீண்டுபோய் எதிரில் இருந்தவளின் கன்னத்தில் பட்டது. அந்தப் பெண், கூட்டத்தில் அடுத்தவர் முந்தானையை விலக்குவது போல அதை இரண்டு விரலால் மெல்ல விலக்கிவிட்டு, நீங்கள் எங்கே இறங்க வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள். என் ஸ்டாப் போய்விட்டது, பரவாயில்லை என்றாள் ஜெஸ்ஸி.